கழி தாண்டிய சொல்

அந்த ஐப்பசிப் புயல் ஓய்ந்த காலையிலிருந்து புன்னைத்துறையில் யார் கூப்பிட்டாலும் குரல் கழியின் ஓரம் வரைக்கும் போய்த் தண்ணீர் விளிம்பில் நின்றுவிட்டது. முதலில் காது அடைத்திருக்கிறது என்றோம், பிறகு காற்று மாறியிருக்கிறது என்றோம். கடைசியில் மீன் கழுவப் போன பெண்கள்தான் குனிந்து பார்த்து, தண்ணீருக்கு ஒரு சாண் கீழே, கரையை ஒட்டி வரிசை வரிசையாக நுங்கு கிடக்கிறது என்றார்கள். பனையிலிருந்து வெட்டிய நுங்கு போலவே கண்ணாடி நிறத்தில், தொட்டால் நழுவும்படி, அசையாமல் காத்துக் கிடந்தது. ஒருத்தி அக்கரையைப் பார்த்து "ஏ நாத்தனா!" என்று கூப்பிட, கரையோரத்து நுங்கு கூட்டமாகக் கழன்று, ஆள் ஏறிய தோணி போல மெல்ல ஆடி ஆடிக் கழியைக் கடந்து, அக்கரை மணலில் முட்டி உடைந்தன. உடைந்த இடத்தில் அவள் குரலே எழும்பி "ஏ நாத்தனா!" என்றது. அக்கரையில் சுண்ணாம்புக் கூடையோடு நின்ற நாத்தனார் திரும்பிப் பார்த்து, என்ன வேணும் என்று கையை ஆட்டினாள். அவ்வளவுதான். அன்று மதியத்துக்கு உலை வைக்கிற நேரமாகிவிட்டதால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

எங்கள் கரை மேற்கே. மீன்பிடிக்கிறவர்கள் நாங்கள். கிழக்கே இருப்பது சூளைக்கரை. கழியில் கிளிஞ்சல் அரித்து, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குகிறவர்கள் அவர்கள். அக்கரையில் காயப்போட்ட சேலையின் நிறம் இக்கரையில் தெரியும். முந்தானைப் பூ தெரியாது, அத்தனை தூரம். கழியில் யார் வலை கட்டுவது என்று எங்கள் தகப்பன்மார் காலத்தில் அடிதடி நடந்து, அன்றிலிருந்து எங்கள் தோணி அவர்கள் கரையைத் தொடாது, அவர்கள் தோணி எங்கள் கரையைத் தொடாது. போயே ஆகவேண்டும் என்றால் இரண்டு பஸ் மாறி, பாலம் சுற்றி, அரைநாள் பயணம். ஆனால் சண்டை தோணிக்குத்தானே தவிர வாய்க்கு இல்லை என்று பெண்கள் அப்போதே முடிவு செய்துவிட்டதால், கொண்டவர்கள் கொடுத்தவர்கள் பேச்செல்லாம் அன்றிலிருந்தே கழியின் மேல்தான் நடந்து வந்தது.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். நுங்கு நகரவில்லை. இதில் கெடுதல் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனாலும் பூசை நேரத்தில் யாரும் கழிப்பக்கம் கத்தவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மீன்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, நடுக்கழியில் மிதந்து போன ஒன்றைச் சட்டியால் கோரி, ஊறுகாய் பாட்டிலில் அடைத்து எடுத்துப் போனார். முக்கு திரும்பும்போது ஜீப்புக்குள் அது உடைந்து, "தொட்டில்ல பிள்ளை அழுவுது, ஓடிவா!" என்று கத்தியதில் டிரைவர் ஜீப்பை நெல் வயலில் இறக்கிவிட்டான். அதற்குப் பிறகு அரசாங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. எங்களுக்கும் அவர்கள் தேவைப்படவில்லை.

ஏனென்றால் அதற்குள் நாங்கள் அதன் குணத்தைப் படித்துவிட்டோம். இரண்டு கரைக்கும் இரண்டு குணம். எங்கள் கரையில் நுங்கு விளிம்பை ஒட்டியே நெருக்கியடித்துக் கிடக்கும், ஒரு சொல்லுக்கே அநேகமாக மொத்தமும் கழன்று போகும். அதனால் எங்கள் முதல் சொல் அக்கரையில் இடி மாதிரி விழும். அடுத்த சொல்லுக்கு மிச்சம் கொஞ்சம். அதற்கடுத்த சொல் நடுக்கழியில் உடைந்து மீனுக்குத்தான் கேட்கும். பேசாமல் இருந்தால் அடியிலிருந்து புது நுங்கு ஊறி ஊறி மேலே வரும், காலையில் தீர்ந்தது சாயங்காலத்துக்குள் நிறைந்துவிடும். சூளைக்கரையில் அப்படியே தலைகீழ். அங்கே நுங்கு நிறைய உண்டு, ஆனால் உள்ளே தள்ளிக் கிடக்கும், சோம்பேறி நுங்கு. முதல் சொல்லுக்கு அசையாது. ஆனால் கூப்பிட்டதும் கரையோரத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்தது போல ஒரு வெண்மை பரவும். அந்த வெண்மை கலைவதற்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் நுங்கு கழன்றுவிடும். மூன்றாம் முறை கூப்பிட்டால் இன்னும் பலமாகக் கேட்கும். வெண்மை கலைந்த பிறகு கூப்பிட்டாலோ, பழையபடி முதல் சொல்தான்.

இப்படியிருக்கிறபோது மனிதர்கள் என்ன செய்வார்கள்? அதற்குத் தக்கபடி மாறிக்கொள்வார்கள். சூளைக்கரைக்காரர்கள் யாரையும் இரண்டு தரம் பேர் சொல்லாமல் கூப்பிடுவதில்லை என்று ஆனது. தண்ணீருக்குத் தூரத்தில், வீட்டுக்குள் பக்கத்தில் படுத்திருக்கிற பெண்டாட்டியைக்கூட "ஏட்டி மரியம், ஏட்டி மரியம்" என்றார்கள். எங்கள் கரையில் காலையில் எழுந்ததும் கழியைப் பார்த்துப் பேசுகிற முதல் சொல் நல்ல சொல்லாக இருக்கவேண்டும் என்று பெண்கள் கட்டுப்பாடு வைத்தார்கள். இரவெல்லாம் ஊறி நிறைந்து கிடக்கிற கரை அது, அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் முழுசாகப் போய் விழும். அது மட்டுமல்ல, கரை எல்லாருக்கும் பொது, ஒருத்தன் தீர்த்துவிட்டால் ஊருக்கே இல்லை. ஒரு தடவை கல்யாண வீட்டில் விடிய விடியப் பாட்டுப் பாடி நுங்கை மொத்தமும் தீர்த்துவிட்டதால், மறுநாள் ஒரு சாவுச் செய்தி அக்கரைக்குப் போய்ச் சேராமல், அந்த வீட்டுத் தங்கச்சிக்காரி அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வந்து கல்லறை மேல் விழுந்து அழுதாள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பாட்டெல்லாம் கடற்கரைப் பக்கம் திரும்பி நின்றுதான்.

இந்த ஊரில்தான் சிலுவைப்பிச்சை ஏலம் கூறிக்கொண்டிருந்தார். கழிமுகத்தில் மீன் இறங்குகிற மணலில் நின்று அவர் விலை கூறினால் சாளை மீன்கூட நெய்மீன் மாதிரி நிமிர்ந்து படுக்கும் என்பார்கள். உருண்டு திரண்ட குரல், மேட்டிலிருந்து இறங்குகிற குரல். அந்தக் குரலுக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் அவர் மகள் ராக்கினி. அவர் மனைவி அமலோற்பவம்கூட வெளியே கட்டுப்படுகிறவள் போல இருந்து உள்ளே தான் நினைத்ததைச் செய்வாள். ராக்கினிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. சூளைக்கரைத் தொம்மையைத் தான் கட்டிக்கொள்ளப்போவதாகத் தகப்பனிடம் நேருக்கு நேர் சொன்னாள். அவர் கூடாது என்றார். அவள் சரி என்றாள். மறுவாரம் பஸ் ஏறிப் போய், வேறு ஊர்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, சூளைக்கரையில் தொம்மை வீட்டில் விளக்கேற்றினாள்.

தொம்மையை எங்கள் ஊரில் யாரும் கிட்டத்தில் பார்த்ததில்லை. எப்போதும் வெள்ளைப் புழுதி அப்பிய ஒரு நெட்டை மனிதன் கிளிஞ்சல் கூடையோடு அக்கரையில் நடப்பான், அவ்வளவு தெரியும். கழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு இரண்டு பேரும் எப்படிப் பேசிப் பழகினார்கள் என்று எங்களுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவன் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்லுகிறவன், அவள் ஒரு தரத்துக்கு மேல் எதையும் சொல்லாதவள்.

செய்தி வந்தது ஒரு சாயங்காலம். இரவு முழுக்கச் சிலுவைப்பிச்சை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் எழுந்து நேராகக் கழிக்கரைக்குப் போனார். அந்த நேரத்தில் கரை எப்படி நிறைந்து கிடக்கும் என்று சொன்னேன் அல்லவா? அமலோற்பவம் பின்னாலேயே ஓடினாள். அவள் வந்து சேருவதற்குள் அவர் ஏலக் குரலில் கூவிவிட்டார்.

"நீ எனக்குச் செத்தாச்சு!"

கரையிலிருந்த நுங்கு மொத்தமும் ஒரே நேரத்தில் கழன்றது. கழியின் மேல்பரப்பு முழுக்க மூடிக்கொண்டு அது போன போக்கை, வலையோடு நின்ற நாங்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். அக்கரையில் ராக்கினி அப்போதுதான் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்து நிமிர்ந்திருந்தாள். சொல் அவள் காலடியில் உடைந்த அதிர்ச்சியில், பக்கத்தில் குவித்திருந்த சுண்ணாம்புக் குவியலிலிருந்து புழுதி எழும்பி, நிதானமாக இறங்கி, அவள் தலையில் படிந்தது. நேற்றுத்தான் கல்யாணம் ஆனவள் இங்கிருந்து பார்க்க நரைத்த கிழவி போல நின்றாள்.

"பெத்த பிள்ளையப் பாத்துச் சொல்லுத சொல்லா இது?" என்று அமலோற்பவம் அவர் முதுகில் அடித்தாள். அதற்கு முன்பே, அந்த வெள்ளைத் தலையைக் கண்ட கணத்திலேயே, அவருக்குள் ஏதோ முறிந்துவிட்டிருந்தது. "இல்ல மோளே, இல்ல, கோவத்துல வந்துட்டு, நான் அப்படிச் சொல்லல..." என்று கூவினார். கரையில் நுங்கு இல்லை. எங்கேயோ மூலையில் கிடந்த ஒன்றிரண்டு சின்ன நுங்கு கழன்று போய், பாதிக் கழியில் உடைந்தது. "இல்ல மோளே" என்று நடுத்தண்ணீர் சொல்ல, ஒரு மடவை மீன் துள்ளி விழுந்தது. ராக்கினி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கோபம் போனது நிறைந்த கரையிலிருந்து, மன்னிப்பு போனது வெறுங்கரையிலிருந்து. அதுதான் நடந்தது.

பொறுத்திருந்து மறுநாள் காலையில் கூப்பிட்டிருந்தால் போயிருக்கும். எல்லாரும் சொன்னோம். ஆனால் மனசு துடிக்கிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? அன்று பகல் முழுக்கக் கூப்பிட்டார், ராத்திரியும் கூப்பிட்டார். நுங்கு ஒன்று ஊறி மேலே வந்தால் அதை உடனே அனுப்பிவிடுவார், அதுவும் பாதி வழியில் உடையும். காலையில் ஏலம் கூறிய கையோடு கழிப்பக்கம் திரும்பி, "மோளே, மோளே, தெரியாம சொல்லிட்டேன்" என்று ஆரம்பிப்பார், இருட்டிய பிறகும் கரையிலேயே கிடந்து விடிய விடிய அதுதான். வாரக் கணக்கு மாதக் கணக்கானது. கரை ஒரு நாளும் நிறையவில்லை. ஊரில் வேறு யார் குரலும் கடக்கவில்லை. நாத்தனாரோடு பேச முடியாத பெண்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் அவர் முகத்தைப் பார்த்து யாருக்கும் வாய் வரவில்லை. அவர் குரலும் தேய்ந்துகொண்டே வந்தது. ஏலத்தில் அவர் கூறிய விலை பின்வரிசைக்குக் கேட்காமல், கூடைகள் பாதி விலைக்குப் போயின.

அக்கரையில் ராக்கினியும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. சாயங்காலம் விளக்கு வைக்குமுன் கரைக்கு வந்து, இந்தப் பக்கம் பார்த்து, "அப்பா, வாங்க" என்று ஒரே ஒரு தரம். தண்ணீர் வெளுக்கும். நுங்கு அசையாது. திரும்பிப் போய்விடுவாள். தொம்மை பின்னாலேயே வந்து கெஞ்சுவானாம்: "இந்தக் கரை ஒரு தரத்துக்குக் கேக்காது ராக்கினி, ஒரு தரத்துக்குக் கேக்காது. தண்ணி வெளுத்திருக்கும்போதே இன்னொரு தரம் கூப்பிடு."

"கேக்கணும்னு மனசு இருக்கவங்களுக்கு ஒரு தரமே கேக்கும்" என்பாளாம் அவள். தனக்காக அவனையும் கூப்பிட விடமாட்டாளாம். எங்கள் கரையில் பிறந்தவள் அல்லவா? இரண்டாம் தரம் கூப்பிடுவது கையேந்துவது என்றுதான் அவளுக்குப் பட்டது.

பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அமலோற்பவமும் கேட்டாள். "கூப்பிடாத வீட்டுக்கு எப்படிட்டி போவ? செத்தேன்னு சொன்ன வாயோட எந்த முகத்த வச்சிக்கிட்டுப் போவ? அவ ஒரு சத்தம் வான்னு சொல்லட்டும்" என்றார் சிலுவைப்பிச்சை. இங்கே இவர் அவள் அழைக்கக் காத்திருந்தார். அங்கே அவள் இவர் பதில் சொல்லக் காத்திருந்தாள். நடுவில் கழி, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

ராக்கினிக்கு வயிற்றில் பிள்ளை என்ற செய்தியைக் கொண்டு வந்தவள், கருவாட்டுக் கூடையோடு பாலம் சுற்றி இரண்டு கரைக்கும் போய்வருகிற வியாகுலம்மாள்தான். தங்கள் சொல்லை அவள் வாயில் கொடுத்தனுப்பத் தகப்பனுக்கும் மனசு ஒப்பவில்லை, மகளுக்கும் ஒப்பவில்லை. தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அமலோற்பவம் நெல் அவித்தாள், பழந்துணி துவைத்து மடித்தாள், எட்டாம் மாதம் ஆனதும் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கழிப்பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் காலையில், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது, ராத்திரியே அக்கரையிலிருந்து கிளம்பி முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய வியாகுலம்மாள் கூடையைப் போட்டுவிட்டு மணலில் ஓடிவந்தாள்.

"அண்ணே, ஏலத்த நிறுத்து. ராக்கினிக்கு நேத்தே வலி கண்டுட்டு. பிள்ளை குறுக்க கிடக்காம். இங்க வச்சிப் பாக்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு நர்சம்மா சொல்லியாச்சு. சூளை மொதலாளி வேன் வாசல்ல நிக்கி. அவ ஏற மாட்டேங்கா."

"ஏற மாட்டேங்காளா? ஏன்?"

வியாகுலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செத்தவளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு கேக்கா. எங்க அப்பா சொன்ன சொல்ல எங்க அப்பாதான் எடுக்கணும்கா. மாமியாக்காரி காலப் பிடிச்சிப் பாத்துட்டா, தொம்மை அழுது பாத்துட்டான். இன்னிக்குப் பொழுது அடையறதுக்குள்ள கொண்டு போவலன்னா ரெண்டு உசுரும் இல்லன்னு நர்சம்மா சொல்லுதா."

அமலோற்பவம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மடித்து வைத்திருந்த துணிமூட்டையை எடுத்துக்கொண்டு, வந்த பஸ் திரும்புவதற்குள் அதில் ஏறிப் போய்விட்டாள். அவள் போய்ச் சேரவே சாயங்காலம் ஆகும். தாய் போனால் கண்ணீரைத்தான் கொண்டுபோக முடியும், சொல் தகப்பனுடையது.

சிலுவைப்பிச்சை கழிப்பக்கம் ஓடினார். வாயைத் திறந்துவிட்டார். அப்போது எங்கள் ஊர்த் தோணிக்காரன் பிலவேந்திரன் பாய்ந்து போய்த் தன் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினான். இவன் அவர் மேல் நெடுநாள் கோபமாக இருந்தவன், மீனைக் குறைந்த விலைக்கு விட்டுவிட்டார் என்று முந்தின வாரம்தான் சண்டை போட்டிருந்தான்.

"பொறும் ஓய். இப்பம் கூப்பிட்டீருன்னா அதும் நடுக்கழியிலதான் உடையும். வெறுங்கரையப் பாரும். இது நிறையட்டும். சாயந்தரம் வரைக்கும் நீரும் பேசாதயும், நாங்களும் பேச மாட்டோம். ஒரு சொல்லு முழுசாப் போவட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. அவன் அதைச் சொல்லி முடித்ததும் கழிமுகத்து மணலில் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம், ஒவ்வொருவராக வாயை மூடினோம். யாரும் யாருக்கும் சொல்லாமலே அந்த மௌனம் மணலிலிருந்து தெருவுக்கு ஏறி, வீடு வீடாக நுழைந்து, அடுப்படி வரைக்கும் போனது.

மீதி ஏலத்தை, மாட்டுச் சந்தையில் செய்வது போல, துண்டுக்கடியில் விரல் பிடித்து முடித்தார்கள். கோயில்பிள்ளை மேலே ஏறி மணியின் நாக்கில் பழைய அங்கித் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு இறங்கி வந்தார். வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கடற்கரைக்கு, கழிக்கு எட்டாத தூரத்துக்குக் கூட்டிப்போனார். கோழிகளைக் கூடையில் அடைத்து அவர்கள் பின்னால் அனுப்பினோம். நாய்களுக்கு மீன்தலை போட்டோம். டிரான்சிஸ்டர்களை அரிசிப் பானைக்குள் புதைத்தோம். பச்சைப்பிள்ளை சிணுங்கினால் எந்தத் தாய் பக்கத்தில் இருக்கிறாளோ அவள் எடுத்து மார்போடு சேர்த்தாள், யார் பிள்ளை என்று பார்க்கவில்லை. தும்மல் வந்தவர்கள் குடத்துக்குள் தும்மினார்கள். சாமியாரும் விஷயம் தெரிந்து வந்து, மதிய மன்றாட்டை உதடு அசைத்து மட்டும் சொன்னார்.

மதியத்துக்கு மேல், ஊர் தண்ணீருக்கு அடியில் இறங்கிவிட்டது போல ஆயிற்று. அதுவரை கேட்காததெல்லாம் கேட்டது. நண்டு மணலைத் தோண்டுவது கேட்டது, வலைக்கயிற்றில் உப்பு காய்ந்து வெடிப்பது கேட்டது, புன்னை மரத்தில் பூ காம்பை விடுவது கேட்டது, அப்புறம் அவரவர் காதுக்குள் அவரவர் இரத்தம் நடந்து போவது கேட்டது. தினமும் அடித்துக்கொள்கிற ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேச வழியில்லாமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, எப்போதோ மறந்துபோன முகம் ஒன்றை அங்கே கண்டுகொண்டார்கள். சிலர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி, எல்லாரும் ஒரே கனவைக் கண்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். கனவில் கழி இல்லை, இரண்டு ஊரும் ஒரே தெருவாக இருந்ததாம்.

சிலுவைப்பிச்சை கழிக்கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் வாயைத் தானே நம்பாமல் வாய் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். கண்ணெதிரே ஒவ்வொன்றாக நுங்கு ஊறி வந்தது. அடிச்சேற்றிலிருந்து ஒரு குமிழ் மாதிரிக் கிளம்பி, மேலே வர வரத் தெளிந்து, விளிம்பில் வந்து ஒட்டி நிற்கும். ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. அக்கரையில் வாசலில் நின்ற வேன் தெரிந்தது. அதன் கதவு திறந்தே கிடந்தது. ஆட்கள் வீட்டுக்குள் போவதும் வருவதும் தெரிந்தது. ஒரு முறை தொம்மை வெளியே வந்து, தலையில் கைவைத்துக்கொண்டு குந்தினான். அதைக் கண்டதும் சிலுவைப்பிச்சை எழுந்து நின்றுவிட்டார், தண்ணீரைத் துப்பப் போனார். பிலவேந்திரன் தோளைத் தொட்டு, கையால் கரையைக் காட்டினான். பாதிதான் நிறைந்திருந்தது. அவர் திரும்ப உட்கார்ந்தார். கன்னத்தில் வழிந்தது வாயிலிருந்த தண்ணீரா கண்ணிலிருந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. ஒரு சொல்தான் போகும். எத்தனையோ மாதமாக வைத்திருந்த மன்னிப்பெல்லாம் நீளம். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்பது நீளம், கோபத்தில் வந்துவிட்டது என்பது அதைவிட நீளம். மகளிடம் தன்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு எவ்வளவோ இருந்தது. யாரிடமும் கேட்கவும் முடியாது, ஊரே வாயை மூடியிருக்கிறது. வெயில் மஞ்சளாகி, புன்னைமர உச்சியில் இறங்கியபோது, எங்கள் கரை தொடக்கத்திலிருந்து கழிமுகம் வரைக்கும் நுங்கு நிறைந்து, புயலுக்குப் பின் முதல்நாள் இருந்ததைப் போலத் தளதளத்தது. பிலவேந்திரன் தலையை அசைத்தான். சிலுவைப்பிச்சை வாயிலிருந்த தண்ணீரை மெல்லக் கையில் விட்டு, மணலில் ஊற்றி, எழுந்து நின்றார்.

"எழும்பி வா, மோளே!"

தன்னைப் பற்றி ஒன்றுமே அவர் சொல்லவில்லை. கரை மொத்தமும் கழன்றது. சாயங்கால வெயில் ஒவ்வொரு நுங்குக்குள்ளும் ஒரு சின்ன விளக்காக எரிய, கழி நிறைய விளக்குகள் கிழக்கே போவதை நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்தோம். அக்கரை மணலில் அவை உடைந்தன. சூளைகளின் புகை ஒரு நொடி நெளிந்தது. அந்தக் குரல் வீட்டு வாசல் வழியாக உள்ளே போனதை, கண்ணால் பார்த்ததாகவே சொல்லுகிறேன், பார்த்தோம்.

உள்ளே போய்வந்த ஆட்கள் வாசலைவிட்டு விலகினார்கள்.

பிறகு வாசலில் ராக்கினி வந்து நின்றாள். ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் தொம்மை. வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி ஒவ்வோர் அடியாகத் தண்ணீர்வரைக்கும் வந்தாள். இந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டிருக்கவேண்டும். சத்தம் வரவில்லை. அவள் காலடியில் தண்ணீர் வெள்ளையாகப் பரவுவதை இங்கிருந்து பார்த்தோம். சூளைக்கரையில் எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு தரம் கூப்பிடு என்று யாரும் சொல்லவில்லை, அவர்களும் எங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. வெண்மை ஓரத்திலிருந்து கலையத் தொடங்கியது. அவள் தலை குனிந்தது. திரும்பப் போகிறாள் என்றே நினைத்தோம். அப்போது வலி ஒன்று வந்திருக்கவேண்டும்; தொம்மையின் தோளைப் பிடித்து வளைந்தவள், நிமிர்ந்தபோது, மறுபடி கூப்பிட்டாள்.

"அப்பா, வாங்க!"

அவள் பக்கத்து நுங்கு எங்கள் கரையில் உடைந்தது. குரல் தெளிவாக இருந்தது. அது அடங்குவதற்குள் அடுத்தது வந்தது, இன்னும் உரக்க. "அப்பா, வாங்கப்பா!" அதற்கடுத்தது கரையையே அதிரச் செய்தது. பிலவேந்திரன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எங்கள் பெண்கள் எல்லாரும் அழுதார்கள், ஆனால் அப்போதும் சத்தமில்லாமல்.

பதில் சொல்ல எங்கள் கரையில் ஒரு நுங்கு இல்லை. சிலுவைப்பிச்சை கீழே பார்த்தார், மேலே பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். நீர் வற்றும் நேரம். தோணி மிதக்கத் தண்ணீர் போதாது, நடக்கவோ சேறு விடாது, அந்த நேரத்தில் கழியில் கால் வைக்கிறவன் பைத்தியக்காரன். அவர் வைத்தார். முழங்கால் வரை, தொடை வரை, பிறகு இடுப்பு வரை சேறும் தண்ணீருமாகப் போனார். நடுக்கழிக்குக் கொஞ்சம் அப்பால் சேறு பிடித்துக்கொண்டது. கையை மட்டும் வீசிக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மார்பு வரை இறங்கினார்.

அக்கரையிலிருந்து தொம்மை கிளிஞ்சல் அரிக்கப் போகிற பலகையைத் தண்ணீரில் எறிந்து, அதன்மேல் குப்புற விழுந்து, கையால் சேற்றைத் தள்ளித் தள்ளி வந்தான். மாமனாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. அவன் அவர் கக்கத்தில் கையைக் கொடுத்தான்.

"கால ஆட்டாதிய மாமா, கால ஆட்டாதிய. சேறு இழுக்கும். என் கழுத்தப் பிடியும், என் கழுத்தப் பிடியும்."

அவர் பிடித்துக்கொண்டார். எங்கள் தோணிகளும் அப்போது சேற்றில் இறங்கித் தள்ளப்பட்டன என்பதையும், அதில் நான்கைந்து பேர் அக்கரை மணலைத் தொட்டுவிட்டார்கள் என்பதையும், அதற்காக அன்று யாரும் யாரையும் அடிக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரியே பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுத்த பெண்பிள்ளை நல்ல கனமாக இருந்ததையும், தாயும் பிழைத்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊரில் இந்தக் கதை அதோடு முடிவதில்லை, வேனுக்குள்தான் முடியும்.

பலகையில் கிடந்து கரையேறிய சிலுவைப்பிச்சை, தலை முதல் கால் வரை கருஞ்சேறாக மகள் முன்னால் நின்றார். அதே நேரம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்த அமலோற்பவம் அது யார் என்று தெரியாமல் விலகிப்போகப் பார்த்தாள். வேனில் ஏற்றினார்கள். ராக்கினி தாய் மடியில் தலைவைத்துப் படுத்தாள். தகப்பன் சேறு சொட்டக் காலடியில் உட்கார்ந்தார். வேன் புறப்பட்டதும் அவள் ஆரம்பித்தாள்.

"அறிவு இருக்கா உங்களுக்கு? வத்துன கழியில யாராவது இறங்குவாவளா? செத்துத் தொலச்சிருந்தா என்ன செய்ய? எத்தன மாசம் கூப்பிட்டேன். ஒரு பஸ் கிடைக்கலியா உங்களுக்கு? ஒரு பஸ்?" வலி வந்தபோது பல்லைக் கடித்தாள், வலி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். சூளைக்கரை தாண்டியது, பாலம் தாண்டியது, முதல் உப்பளம் தாண்டியது, அவள் நிறுத்தவில்லை. சொன்னதையே சொன்னாள், மறுபடியும் சொன்னாள், அப்பா என்று தொடங்கினாள், அப்பா என்று முடித்தாள். முன் சீட்டிலிருந்து தொம்மை திரும்பி, "கொஞ்சம் பேசாம வா ராக்கினி, களைச்சிப் போவ" என்றான், ஒரே ஒரு தரம்தான் சொன்னான்.

"பேசட்டும்" என்று கையால் காட்டினார் சிலுவைப்பிச்சை. மகளின் பாதம் ஒன்றைத் தன் சேற்றுக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே போனார்.